பிரேக் எங்கே என்று கேட்டது குற்றமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நாற்பது நிமிடப் பீரியடில் உங்களை உட்கார வைத்தவள் இன்று பத்து நிமிடம்தான் கேட்கிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு வீடியோ போட்டிருந்தான். பெயர் வேண்டாம். ஊர் ஊராக வெங்காயம், உருளைக்கிழங்கு விற்கிறவன். தன் 100 சிசி பைக்கின் பின்னால் வெல்டிங் பட்டறையில் ஒரு சின்ன டிரெய்லர் செய்து மாட்டியிருக்கிறான். நாலு மூட்டை வெங்காயம் ஏற்றி ஆற்றுப்பாலத்தில் ஏறுகிறான். பின்னணியில் சினிமாப் பாட்டு. கீழே ஒரே பாராட்டு மழை. "வேற லெவல் மச்சி", "படிச்சவனுக்கு வராத மூளை", "இவன்தான்டா இன்ஜினியர்".

நானும் முதலில் மகிழ்ந்துதான் போனேன். எட்டாம் வகுப்பில் நெம்புகோல் பாடத்தில் முட்டை வாங்கியவன் அச்சு, சக்கரம், கொக்கி எல்லாம் சேர்த்து ஒரு வண்டியே செய்துவிட்டானே என்று. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன். மூட்டைகளுக்கு மேலே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பள்ளிச் சீருடையில் அவன் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் எழுதிய கமென்ட் இவ்வளவுதான்: "தம்பி, நல்ல முயற்சி. டிரெய்லருக்கு பிரேக் எங்கே? குழந்தையை ஏன் மேலே உட்கார வைத்தாய்?"

அதற்கு வந்த பதில்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். "டீச்சர் இன்னும் ரிட்டையர் ஆகல போல." "டீச்சர், உங்களுக்கு பைக் ஓட்டத் தெரியுமா?" "ஏழை முன்னேறினா பொறுக்காதே." இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சென்னையில் காரில் போகும் என் தங்கை மகன் எனக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்து எழுதினான்: "கரெக்ட் பெரியம்மா. இந்த மாதிரி வண்டியை எல்லாம் பிடிச்சு உடைக்கணும். இவங்களாலதான் டிராபிக்."

கைதட்டுகிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும், உடைக்கச் சொல்கிறவனுக்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறீர்கள். இரண்டு பேரும் அந்த வண்டியைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

முதலில் என் தகுதி. பைக் ஓட்டத் தெரியாது. ஆனால் 22 வருடம் டிவிஎஸ் 50 ஓட்டியவள். வட்டார அலுவலகத்திலிருந்து பாடநூல் கட்டுகளையும், சில நாள் சத்துணவு முட்டை அட்டைகளையும் அதில்தான் கொண்டுவந்தேன். ஒருமுறை ஆறு கட்டுப் புத்தகத்தைப் பின்கேரியரில் ஏற்றிக்கொண்டு பாலம் ஏறினேன். பாதி ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஹேண்டில்பார் கையில் இருக்கிறது, ஆனால் அது எதையும் திருப்பவில்லை. சமூக அறிவியலும் கணக்கும் சாலையில் சிதறிக் கிடக்க, முழங்கால் சிராய்ப்போடு பள்ளிக்குப் போனேன். ஈர்ப்பு மையம் என்றால் என்ன என்று அதுவரை நடத்திக்கொண்டிருந்தேன், அன்றுதான் படித்தேன். ஆகவே "டீச்சருக்கு என்ன தெரியும்" என்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

கைதட்டுகிறவர்களுக்கு

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 100 சிசி பைக் சுமார் 110 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ. மொத்தம் 175. இதை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நல்ல சாலையில் நிறுத்த, பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 12 மீட்டர் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 50 கிலோ டிரெய்லர், 200 கிலோ வெங்காயம். மொத்தம் 425 கிலோ. எடை கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. நிறுத்துகிற பிரேக் மட்டும் அதே பிரேக். அப்படியானால் நிற்க வேண்டிய தூரமும் அதே மடங்கு கூடும், சுமார் 30 மீட்டர். நம் பள்ளி வகுப்பறைக் கணக்கில் சொன்னால், இரண்டு வகுப்பறை நீளத்தில் நிற்க வேண்டிய வண்டி ஐந்து வகுப்பறை தாண்டி நிற்கும். குறுக்கே ஒரு ஆடு வந்தால்? ஆள் வந்தால்?

இதுவும் நேர்ச் சாலைக்கு மட்டும்தான். வளைவில் பிரேக் பிடித்தால் பைக் நிற்கப் பார்க்கும், பின்னால் வரும் 250 கிலோ நிற்காது. அது பைக்கின் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் வந்துவிடும். ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கும் திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது. அதற்கு மேலும் முட்டுக்கட்டையோடு ஆட்கள் கூடவே நடக்கிறார்கள். தேருக்கு வேண்டிய பிரேக் வெங்காய வண்டிக்கு வேண்டாமா?

அடுத்தது கொக்கி. மாடு பூட்டிய வண்டி பார்த்த தலைமுறை நீங்கள். மாடு வளைவில் சாய்வதில்லை. பைக் சாயும். சாய்ந்தால்தான் திரும்பும். இரண்டு சக்கர டிரெய்லர் சாயாது. ஆகவே இரண்டையும் இணைக்கும் இடம் மூன்று விதமாக அசைய வேண்டும். இடம் வலமாகத் திரும்ப வேண்டும். மேடு பள்ளத்துக்கு மேலும் கீழும் ஆட வேண்டும். பைக் சாயும்போது அச்சில் சுழலவும் வேண்டும். வீடியோவில் இருப்பது ஒரு தகட்டில் துளை போட்டு இறக்கிய ஒற்றை போல்ட். அது இடம் வலம் மட்டும்தான் திரும்பும். பைக் சாய முயன்றால் டிரெய்லர் அதை விடாது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் டிரெய்லர் பைக்கை முறுக்கும். முறுக்கத்தை எல்லாம் வாங்கிக்கொள்வது அந்த ஒற்றை போல்ட்டும், பின்கேரியரில் வைத்த வெல்டிங்கும்தான். கேரியர் என்பது டிபன் பாக்ஸ் கட்ட வைத்த கம்பி. அதில் கால் டன்னைக் கட்டி இழுக்கலாமா?

மூன்றாவது, பாரம் வைக்கிற முறை. உங்கள் தாத்தாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொல் உண்டு. பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே தூக்கும், நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்கும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். வண்டிக்காரர் பாரம் ஏற்றிவிட்டு ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். அதே பாடம்தான் இங்கேயும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுத்த வேண்டும். 250 கிலோவுக்கு 25 கிலோ. பழைய பேப்பர் கடைத் தராசை கொக்கிக்குக் கீழே வைத்தால் தெரிந்துவிடும். குறைந்தால் வேகம் எடுத்ததும் டிரெய்லர் வால் ஆட்டும். கூடினால் என் டிவிஎஸ் 50-க்கு நடந்தது நடக்கும். வீடியோவில் குழந்தை உட்கார்ந்திருப்பது அச்சுக்குப் பின்னால். அவள் நகர்ந்து உட்கார்ந்தாலே கணக்கு மாறும்.

நான்காவது, காப்புச் சங்கிலி. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து ஊரில் இதேபோல் ஒரு வண்டி பாலம் ஏறும்போது கொக்கியின் ஆணி கழன்றது. பைக் மேலே போய்விட்டது. டிரெய்லர் பின்னோக்கி உருண்டு டீக்கடை பெஞ்சில் மோதி நின்றது. அன்று மழை, பெஞ்சில் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்து அந்த பெஞ்சு காலை ஆறு மணிக்கு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. அன்று உயிரைக் காப்பாற்றியது மழை. நூறு ரூபாய்ச் சங்கிலி செய்ய வேண்டிய வேலையை மழை செய்தது.

பின்விளக்கு, பிரேக் விளக்கு, சிவப்பு ஒளிரும் பட்டை எதுவும் அந்த வண்டியில் இல்லை. அவன் மார்க்கெட்டுக்குக் கிளம்புவது விடியற்காலை நாலு மணிக்கு. பைக்கின் சிவப்பு விளக்கை மூட்டைகள் மறைத்துவிடும். பின்னால் வரும் லாரிக்காரருக்கு முன்னால் என்ன போகிறது என்று எப்படித் தெரியும்?

மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் அதற்கும் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். குறள் எண் 475. மனப்பாடப் பகுதியில் ஒப்பித்து மதிப்பெண் வாங்கியவர்கள்தான் கீழே "வேற லெவல்" போட்டிருக்கிறீர்கள்.

லைக் போடுவது அன்பு என்று நினைக்கிறீர்கள். அவன் விழுந்தால் அந்த லைக்கில் எத்தனை பேர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பீர்கள்? தப்பைத் தப்பென்று சொல்லாமல் கைதட்டுவது, விடைத்தாளைப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் சரி போடுவது மாதிரி. அப்படித் திருத்துகிற ஆசிரியரை நீங்கள் மதிப்பீர்களா?

உடைக்கச் சொல்கிறவனுக்கு

தம்பி, உன் பெரியம்மா இப்போது உன் பக்கம் வருகிறேன்.

அவன் அதைப் பொழுதுபோகாமல் செய்யவில்லை. லோடு ஆட்டோ வாடகைக்கு எடுத்தால் ஒருநாள் லாபத்தில் பெரும்பங்கு வாடகைக்கே போகும். சொந்தமாக வாங்கப் பணம் லட்சக் கணக்கில் வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கென்று 2020-இல் வந்த பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் தொடங்கியதே 10,000 ரூபாயில்தான். அந்தப் பணத்தில் லோடு ஆட்டோவின் டயர் வாங்கலாம், ஆட்டோ வாங்க முடியாது. ஆனால் பட்டறையில் ஒரு டிரெய்லர் செய்யலாம். அவன் கைக்கு எட்டியதைத்தான் செய்தான்.

பிடித்து உடைத்தால் தீருமா? 2022 ஏப்ரலில் பஞ்சாபில் பைக்கோடு இணைத்த சரக்கு வண்டிகளைப் பிடிக்க உத்தரவு போட்டார்கள். ஜுகாடு ரேஹ்ரி என்பார்கள் அங்கே. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே அரசு பின்வாங்கியது. என்ன மிச்சம்? வண்டிகள் பழையபடி ஓடின, பிரேக்கும் இல்லை, விதியும் இல்லை. பிடிக்கிறேன் என்று பயமுறுத்துவதும், பரவாயில்லை என்று விட்டுவிடுவதும் நிர்வாகத்துக்கு எளிது. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து அளவு எழுதுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத்தான் யாரும் படுவதில்லை.

அளவு எழுதத் தெரியாதவர்களா நாம்? 2020-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பைக்கில் பொருத்தும் பெட்டிக்கு அளவு சொன்னது. நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500. உன் வீட்டுக்கு வரும் பார்சலுக்கு மில்லிமீட்டர் கணக்கில் யோசித்தார்கள். சந்தோஷம். அந்தப் பார்சலில் வரும் வெங்காயத்தை மார்க்கெட்டிலிருந்து இழுத்து வருகிறவனுக்கு ஒரு அடிக்கோல் எடுத்துவைத்து யாராவது யோசித்தார்களா?

நம் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை அரசே கொடுக்கிறது. அதுவும் மாற்றிய வண்டிதான். தேவை நியாயமானது என்று தெரிந்ததும் சட்டத்தில் வழி பிறந்தது. குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து விவசாயி மன்சுக்பாய் ஜகானி 1994-இல் புல்லட்டின் பின்னால் கலப்பை பூட்டினார். கிராமத்துக் கிறுக்கு என்று ஒதுக்காமல் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அதை எடுத்துக்கொண்டது. காப்புரிமை வரை போனது. பட்டறையில் பிறந்ததைப் படித்தவர்கள் சோதித்துச் செம்மை செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது

மறைக்காமல் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் தனியே ஒரு மோட்டார் வாகனம். பதிவு வேண்டும். 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அப்படிச் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். ஆகவே "எல்லாரும் ஓட்டுறாங்க" என்பது பதில் ஆகாது.

வெளிநாட்டில் எப்படி? இங்கிலாந்தில் பைக் டிரெய்லர் குற்றம் அல்ல. ஆனால் அளவு உண்டு. 125 சிசிக்கு மேற்பட்ட பைக்காக இருக்க வேண்டும். டிரெய்லர் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. சரக்கோடு சேர்ந்த எடை 150 கிலோ, அல்லது பைக்கின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இதில் எது குறைவோ அதுதான். அந்தக் கணக்கில் நம் பையனின் 100 சிசி வண்டிக்கு அனுமதியே கிடையாது. சும்மா எடையை மட்டும் போட்டுப் பார்த்தாலும் 110-இல் மூன்றில் இரண்டு பங்கு 73 கிலோ. அவன் டிரெய்லர் மட்டுமே 50 கிலோ. மீதி 23. அரை மூட்டை கூட இல்லை. அவன் ஏற்றியது நாலு மூட்டை.

நாலு மூட்டைக்கும் அரை மூட்டைக்கும் நடுவில் இருக்கிறது பிரச்சினை. நம் சாலைக்கும் நம் வண்டிக்கும் ஏற்ற அளவு எது என்று சோதித்துச் சொல்ல வேண்டியது அரசும் பொறியாளர்களும். நான் கேட்பது ஐந்து: எந்தப் பைக் எவ்வளவு இழுக்கலாம் என்ற எடை வரம்பு. மூன்று பக்கமும் அசையும், சட்டகத்தில் பொருந்தும் ஒரே மாதிரிக் கொக்கி. பைக்கை முட்டும்போதே தானாகப் பிடிக்கும் டிரெய்லர் பிரேக், ஐரோப்பாவில் சின்ன டிரெய்லர்களுக்கு இது பழைய சங்கதி. விளக்கும் ஒளிரும் பட்டையும். கடைசியாக, ஏழையால் கட்ட முடிகிற கட்டணத்தில், ஒரே நாளில் முடிகிற பதிவு. இந்த ஐந்தையும் கொடுத்துவிட்டு, அப்புறம் மீறுகிறவனைப் பிடியுங்கள். நானே சாட்சி சொல்கிறேன்.

உங்களில் சிலருக்கு வேலை

என் மாணவர்களில் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவன் இருக்கிறான். இந்த வருடம் உன் பிள்ளைகள் செய்யும் புராஜெக்ட்டில் ஒன்று இந்தக் கொக்கியாக இருக்கட்டும். ரோபோ வருடா வருடம் செய்கிறார்கள், கண்காட்சி முடிந்ததும் அது பீரோ மேலே போகிறது. ஊராட்சியில் இருக்கிறவர்கள் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். போக்குவரத்துத் துறையில் இருக்கிறவள், உனக்குத் தெரிந்த வழியை எங்களுக்குச் சொல், மனு எழுத நான் இருக்கிறேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற மூன்று பேருக்கு: "கஸ்டமர் கேட்டார், செய்தேன்" என்று சொல்லாதீர்கள். கேரியரில் கொக்கி வைக்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கடைசியாக உனக்கு

வீடியோ போட்ட தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ என்னைத் திட்டவில்லை, உன் நண்பர்கள்தான் திட்டினார்கள். "சரி டீச்சர்" என்று மட்டும் எழுதினாய். வகுப்பிலும் அப்படித்தான் சொல்வாய்.

சாலையில் அதை ஓட்டாதே என்றுதான் நான் சொல்ல வேண்டும், சொல்கிறேன். தோப்புக்குள், களத்துக்குள் ஓட்டு. மார்க்கெட்டுக்கு உன்னைப்போல் நாலு வியாபாரிகள் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பேசுங்கள், வாடகை நாலாகப் பிரியும். உங்கள் ஊரில் அப்படிப் பேசி வைக்க நானும் வருகிறேன்.

ஆனாலும் நாளைக் காலை நாலு மணிக்கு உன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே ஒன்று மட்டும் இன்று ராத்திரியே செய். மகளை அந்த மூட்டை மேலிருந்து இறக்கு. அவள் பள்ளிக்கு நடந்தே போகட்டும், பஸ்ஸில் போகட்டும், பத்து நிமிடம் தாமதமாகவே போகட்டும். தாமதமாக வந்த பிள்ளையை நான் ஒருநாளும் வெளியே நிறுத்தியதில்லை. உனக்கே தெரியும், தினமும் தாமதமாக வந்தவன் நீதான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெறுமனே தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வா. தராசு வாங்கி வைக்கிறேன். பட்டறைக்காரனையும் வரச் சொல்லியிருக்கிறேன். நெம்புகோல் பாடத்தை மறுபடி நடத்துகிறேன். இந்த முறை உனக்கு முட்டை போட மாட்டேன்.

மற்றவர்களுக்கு: எனக்கு லைக் வேண்டாம். உங்கள் தெருவில் இப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் வீடியோ எடுக்காதீர்கள். பக்கத்தில் போய், மரியாதையாக, "அண்ணே, பிரேக் இருக்கா?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்